உப்புத்தானா?

அறுபதுகளில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூளையின் இரசாயனத்தைப் படித்துக்கொண்டிருந்த காலம். மாத்தளை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்த ஒரு தோட்டத் தொழிலாளி. ஜன்னலோரம் அவருடைய மகள். அவள் காரணமில்லாமல் சிரிக்கும்போதெல்லாம், யாரோ பகிடி சொன்னதுபோல அவரும் சேர்ந்து சிரித்தார். அவள் தனியாகச் சிரிப்பதாக யாருக்கும் தோன்றக்கூடாது.

என் பாடப்புத்தகத்தைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி டாக்டருக்குப் படிக்கிறீங்களா? இந்தப் புள்ளைக்கு மருந்து இருக்குங்களா?"

புத்தகத்தில் அந்த நோய்க்கான பக்கம் எனக்கு மனப்பாடம். "இருக்குங்க. லிதியம்னு ஒரு உப்பு. சீமையில குடுக்கிறாங்க. நம்ம ஆஸ்பத்திரிக்கு இன்னும் வரல."

"உப்புத்தானா? வெள்ளிக்கெழம தவறாம இவ தலையச் சுத்தி உப்பத்தானே போடுறோம்!"

உரக்கச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. பஸ்ஸே திரும்பி அவரைப் பார்த்தது.