அண்ணி பேர் இல்லாத பத்திரிகை

எங்கள் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். என் கணவர் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் காரைக்காலில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். கத்தரிக்காய் வாங்குவதற்குக்கூடப் பைத்தானில் புரோகிராம் எழுதலாமா என்று யோசிக்கிற ஆள். பத்திரிகையை மட்டும் விட்டுவைப்பாரா?

பத்திரிகை இரண்டு விதம். சொந்தக்காரர்களுக்குப் பெரியது. அதில் மாமன், சித்தப்பா, அத்தை என்று ஒவ்வொரு வீட்டிலும் எல்லோர் பேரும் வரவேண்டும். ஆபீஸ் நண்பர்களுக்குச் சின்னது. அதில் நெருங்கிய வீடுகள் மட்டும், அதுவும் வீட்டுக்கொரு பேர். பெரியதில் ஒரு பேர் விட்டுப்போனாலும் போச்சு, அடுத்த விசேஷம் வரை பேச்சுவார்த்தை இருக்காது. அதிலும் தாய்மாமன் என் அண்ணன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தவேண்டும். அவர் முறுக்கிக்கொண்டால் எனக்குப் பிறந்த வீடே இல்லை. நிஜமாகவே பயந்துகொண்டிருந்தேன்.

இவர் பெரிய லிஸ்ட்டைப் புரோகிராமில் தட்டி முடித்தார். பிறகு 'சின்னது = பெரியது' என்று ஒரு வரி. சின்னதிலிருந்து தூரத்து வீடுகளை நீக்கினார். பெரியதைத் திறந்தால் சுரக்குடிச் சித்தப்பாவைக் குடும்பத்தோடு காணோம்.

"சமக்குறி போட்டா காப்பி ஆகாது. ஒரே லிஸ்ட்டுக்கு ரெண்டு பேரு, அவ்வளவுதான்" என்றார், தானே கண்டுபிடித்தவர்போல.

"இதுக்கா உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க?"

அந்த வரியை அழித்து, காப்பி என்றே ஒரு கட்டளை போட்டு, முதலிலிருந்து ஓட்டினார். சித்தப்பா வந்துவிட்டார். அடுத்து, சின்னதில் வீட்டுக்கொருவரை வைத்துக்கொண்டு மற்றவர்களை வெட்டினார். பெரியதில் எல்லா வீட்டுப் பெரியவர்களும் இருக்கிறார்களா என்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்.

முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தானே. வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு அண்ணன் வீட்டுக்குக் குரும்பகரம் போனோம், இவர் தோளில் வழக்கம்போல லேப்டாப் பை. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திருப்பியும் படித்தார்.

"எங்க வீட்டம்மா பேரு எங்க மாப்ள?"

எட்டிப் பார்த்தேன். அண்ணன் பேர் மட்டும் தனியாக நின்றது. எந்த வீட்டிலும் மனைவி இல்லை, பிள்ளை இல்லை. நான் அண்ணி முகத்தைப் பார்த்தேன். இவருக்கோ விளக்கம் வந்துவிட்டது.

"மச்சான், வெளி லிஸ்ட்டுதான் புதுசாச்சு. உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு லிஸ்ட்டு இருக்கு பாருங்க, அது ரெண்டுக்கும் பொதுவாவே நின்னுடுச்சு. சின்னதுல வெட்டுனது பெருசுலயும் போயிடுச்சு. உள்ள இருக்கறதையும் சேத்துப் புதுசா எடுக்கற டீப்காப்பி போட்டிருக்கணும்."

அண்ணிதான் முதலில் சிரித்தார். "பரவால்லண்ணே. அவங்க பேரு இருந்தா சரி. நான் எங்க போயிடப்போறேன்?"

அண்ணன் சிரிக்கவில்லை. பத்திரிகையைத் தட்டில் வைத்து எங்கள் பக்கம் தள்ளினார்.

"இந்தப் புள்ள பொறந்து கண்ணாடிப் பெட்டியில கெடந்தப்ப, ஆஸ்பத்திரி வாசல்ல யாரு படுத்துக்கெடந்தா? நானா? என் மடி மட்டும் வேணும், அவ பேரு வேணாமா? அவ இல்லாத பத்திரிகைய நான் தொடமாட்டேன்."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அழுகை எனக்கும் வந்தது.

இவர் அங்கேயே லேப்டாப்பைத் திறந்தார். டீப்காப்பி போட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். அண்ணன் விடவில்லை, பெரிய லிஸ்ட்டைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். தன் பேர் வந்தபோது அசையவில்லை. அடுத்து அண்ணி பேர் வந்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ம், அந்தப் பழசை எடுத்துட்டு இப்பக் குடு தட்ட" என்று அண்ணன் இரண்டு கைகளையும் நீட்டினார்.