இடது கால் விழும் இடம்

நான் பயந்தாங்கொள்ளி. வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன் இப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் எங்கள் பட்டாள ஊரான கட்கியில் பயந்தவர்கள்தான் பென்ஷன் வரை முழு விரல்களோடு போய்ச் சேர்கிறார்கள்.

வார நாட்களில் தொழிற்சாலை. விடுமுறையில், கேம்ப் என்று அழைக்கப்படும் பழைய வெள்ளைக்காரப் பட்டாளப் பகுதியில், ஒரு பேண்டில் சைட் டிரம் அடிப்பேன். கல்யாணத்துக்கும் வாசிப்போம், கிறிஸ்தவர் சாவுக்கும் வாசிப்போம். யூனிஃபார்ம் ஒன்றுதான், முகத்தை மட்டும் மாற்றிக்கொள்வோம். மாஸ்டர் வேலூர்ப் பக்கத்துக்காரர். ரெஜிமெண்டில் கிளாரினெட் ஊதி ஓய்வு பெற்றவர். இடது கால் தரையில் விழும்போது அடி விழாவிட்டால் குச்சியைப் பிடுங்கி நம் மண்டையில் தாளம் போடுவார்.

அறுபதுகளின் தொடக்கத்தில், எங்கள் ஒத்திகைக் கொட்டகைக்கு எதிர்மாடியில் கானாவிலிருந்து படிக்க வந்த ஒருவன் குடியிருந்தான். ஒரு நாள் எங்கள் மார்ச்சைக் கேட்டு இறங்கி வந்து சிரித்தான். அவன் நாட்டுக் கடற்கரையிலும் வெள்ளைக்காரன் கோட்டைகள் இருந்தனவாம், பேண்டுகள் இருந்தனவாம். கரீபியன் தீவுகளிலிருந்து கறுப்புச் சிப்பாய்களைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார்களாம். அவர்கள் ஓய்வு நேரத்தில் அதே குழல்களில் தங்கள் தீவுப் பாட்டை ஊத, மார்ச் மட்டும் கற்றிருந்த உள்ளூர்க்காரர்கள் அதைக் கேட்டுத் தங்கள் தாளத்தோடு சேர்த்து வளைத்துவிட்டார்கள். பிறகு மாலுமிகளின் கிடார் கள்ளுக்கடை வழியாக வந்து சேர்ந்தது. பிறகு கோட்டு போட்டவர்களின் ஹாலுக்குள் போனது. உள்ளே போக வழியில்லாதவர்கள் சுவரோரம் நின்று கேட்டு அதற்கு ஹைலைஃப், அதாவது பெரிய இடத்து வாழ்க்கை, என்று பெயர் வைத்தார்கள்.

கேம்ப் கிளப்பின் சுவருக்கு வெளியே நின்று கலிப்ஸோ என்ற கரீபியன் பாட்டைக் கேட்டவன் நான். எனக்கு அவனை உடனே பிடித்துவிட்டது.

காலி பாட்டிலில் ஸ்பூனால் தட்டித் தாளம் சொல்லிக் கொடுத்தான். முதல் அடியில் மௌனம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அதாவது இடது கால் விழும் இடத்தில் அடிக்கக் கூடாது. மழைக்காலம் முழுக்க முயன்றேன். கை கேட்கவில்லை, மாஸ்டர் அதை அப்படி வளர்த்திருந்தார். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். என் வீட்டில் ரசம் சாப்பிடுவான். பேச்சு அரைகுறை இந்தியில்தான், என்னை மட்டும் தமிழில் அண்ணா என்பான்.

தீபாவளிக்குப் பிறகு அவனுக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் வெள்ளை மஞ்சளாக, உதடு வெடித்துக் கிடந்தான்.

"அண்ணா, என்னைத் தூக்கும்போது உங்க ஸ்லோ மார்ச் வேண்டாம். எங்க ஊர்ல ஆடிக்கிட்டேதான் அனுப்புவாங்க."

காமாலைக்கெல்லாம் யாரும் சாவதில்லை, கீழாநெல்லி போதும் என்றேன். அவன் சிரிக்கவில்லை. உன் தாளத்தையே வாசிக்கிறேன் என்று சொல்லும்வரை என் சட்டையை விடவில்லை. சொன்னேன். அந்த வாரமே போய்விட்டான்.

உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லை. கேம்ப் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். பாதிரியார் மாஸ்டரைக் கூப்பிட்டு, மரியாதையாக ஸ்லோ மார்ச் மட்டும், கூத்து ஏதாவது நடந்தால் இனி இந்தக் கோயிலுக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாஸ்டரிடம் என் வாக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் கிளாரினெட்டைத் துடைத்தார்.

அடக்கத்தன்று காலை டம்ளர் என் கையில் கடகடவென்று ஆடியது. மனைவி பார்த்தாள்.

"இன்னாயா, இப்பவே தாளம் ஆரம்பிச்சிட்டியா?"

ஊர்வலம் கிளம்பியது. பெட்டியைச் சுமந்தவர்களில் பாதிப் பேர் அவனைப் போலவே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மாணவர்கள். மாஸ்டர் ஸ்லோ மார்ச்சைத் தொடங்கினார். நானும் பாதிரியாரின் முதுகைப் பார்த்தபடி ஒழுங்காக இடது காலுக்கு அடித்துக்கொண்டு போனேன். இப்போது மாற்றலாம், அந்த வேப்பமரம் தாண்டட்டும், இந்த முனை தாண்டட்டும். சிறுநீர் முட்டியது. வீரம் வரவில்லை, கல்லறைத் தோட்டத்தின் வாசல்தான் வந்தது.

வாசலில் பயத்தில் ஓர் அடியை விட்டுவிட்டேன். சரியாக இடது கால் விழும் இடத்தில்.

அந்த ஓட்டையில் நின்றுகொண்டு திருத்தப் பார்த்தேன். கை அவன் பாட்டிலில் தட்டிக் காட்டிய தாளத்துக்குள் போய்விட்டது. மழைக்காலம் முழுக்க வராதது. பாதிரியார் திரும்பினார். அவரைப் பார்த்ததும் அதுவும் குழம்பி, எங்கள் குவார்ட்டர்ஸில் சாவுக்கு அடிக்கும் பறையின் அடி உள்ளே புகுந்துகொண்டது. ஹைலைஃபும் இல்லை, மார்ச்சும் இல்லை. மாஸ்டர் என்னை முறைத்தார். முறைத்தபடியே கிளாரினெட்டை என் பக்கம் திருப்பி வேகத்தைக் கூட்டினார்.

பெட்டியின் முன்பக்கம் பிடித்திருந்த மாணவன் என் அருகில் தலையைச் சாய்த்தான். அவன் கன்னம் நனைந்திருந்தது.

"இது எங்க தாளம் இல்லை," என்றான். "நிறுத்தாதீங்க."

சுமந்தவர்களின் தோள்கள் அசைந்தன. பெட்டி இடமும் வலமும் ஆடிக்கொண்டு குழிக்குப் போனது. பாதிரியார் புத்தகத்தைத் திறந்து காத்திருந்தார். எங்களை அவர் பிறகு கூப்பிடவே இல்லை.

மண் போட்டு முடியும்வரை அடித்தேன். குச்சியை இடுப்பில் செருகப் போனபோதுதான் கை மறுபடி நடுங்கத் தொடங்கியது. மாஸ்டர் குச்சிகளை வாங்கி, என் மண்டையில் போடாமல், தன் பையில் வைத்துக்கொண்டார்.