சாமிக்கல் நகர்ந்த பள்ளம்

முருகேஸ்வரிக்கு வெள்ளைத்துரை பதினெட்டாயிரம் ரூபாய் பாக்கி. அவருடைய சுண்ணாம்புக்கல் குவாரியில் விழுந்து செத்த இரண்டு ஆடுகளின் விலை அது. காசும் தருகிறேன், பள்ளத்தைச் சுற்றி வேலியும் போடுகிறேன் என்று அன்றைக்குச் சொன்னவர்தான். இரண்டு தீபாவளி போய்விட்டது.

காசில்லாத கொடுமை இல்லை. ஆலங்குளம் பக்கத்தில் வெள்ளைத்துரையைத் தெரியாத லாரிக்காரன் கிடையாது. ஐந்தாம் வகுப்பிலேயே பையைக் கடாசிவிட்டுச் சம்மட்டி பிடித்த கை. அந்தக் கை சம்பாதித்ததுதான் இரண்டு டிப்பர், ஒரு பொக்லைன், மாடி வைத்த வீடு எல்லாம். அப்பன் கொடுத்தது என்று ஒரு செங்கல் காட்ட முடியாது. கல்லை ஒரு தட்டுத் தட்டிச் சத்தத்தைக் கேட்டே, இது சிமெண்டுக்கு ஆகும், இது ரோட்டுக்குத்தான் ஆகும் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் ஆட்டுக்காரி வாசலில் போய்க் காசை நீட்டுவதா? அவள் கேட்கக் கேட்க வீம்பு ஏறியதே தவிர, கை பைக்குள் போகவில்லை.

அந்தப் புதன்கிழமை காலையில் அவர் இட்லி தின்றுகொண்டிருந்தார். கனிமவளத் துறையிலிருந்து வெள்ளிக்கிழமை குவாரியை அளக்க வருகிறார்கள் என்று தாக்கீது வந்திருந்தது. வரட்டுமே என்றுதான் இருந்தார், மேஸ்திரி சோலைச்சாமி வந்து தலையைச் சொறியும்வரை.

"மொதலாளி, கெழக்க நம்ம சாமிக்கல்லு நிக்குல்லா..."

"நிக்கி. அதுக்கென்ன?"

"அது சர்வே கல்லு மொதலாளி. மஞ்சளச் சுரண்டிப் பாத்தேன். உள்ள குறி வெட்டியிருக்கு."

வெள்ளைத்துரை தட்டைத் தள்ளிவிட்டார்.

பழைய குத்தகைக்காரரிடமிருந்து குவாரியை வாங்கியபோதே அந்தக் கல் மஞ்சளும் குங்குமமுமாகப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றது. காவல்சாமி என்றார்கள், இவரும் கும்பிட்டார். பள்ளம் கிழக்கே வளர வளரச் சாமி விளிம்புக்கு வந்துவிடும். சாமி உள்ளே விழுந்தால் குவாரி ஆளை வாங்கிவிடும் என்று வேலைக்காரர்களுக்குப் பயம். அதனால் ஆடிக்கு ஆடி மேளம் கொட்டி, சேவல் அறுத்து, மன்னிப்புக் கேட்டு, கல்லைப் பெயர்த்துக் கொஞ்சம் தள்ளி நட்டார்கள். சாமிக்கு இந்தப் பக்கமெல்லாம் நம்முடையது என்று பொக்லைனும் பின்னாலேயே போயிற்று. அந்தப் பக்கம் முருகேஸ்வரியின் காடு.

பட்டா நிலத்துக்கு ஏழரை மீட்டர் விட்டுத்தான் தோண்ட வேண்டும் என்பது சட்டம். அதை மீறினால் அபராதம் கட்டித் தொலைக்கலாம். எல்லைக்கல்லைப் பிடுங்கி அடுத்தவர் நிலத்தில் கல் எடுத்தான் என்று கேஸ் ஆனால், குத்தகை போகும். டிப்பர் இரண்டும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்கும். அவர் ஜெயிலில் களி தின்ன வேண்டியதுதான்.

"பேசாம பழைய எடத்துலயே நட்டுருவமா மொதலாளி?"

"ஏலே, பழைய எடம் இப்ப ஆகாசத்துலல்ல இருக்கு."

மறுநாள் வெயில் தாழ முருகேஸ்வரி வீட்டுக்குப் போனார். அவள் ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். குவாரி ஆட்களைத் தவிர, கல் முன்னே எங்கே நின்றது என்று தெரிந்தவள் ஊரில் அவள் ஒருத்திதான். தினமும் அந்த ஓரத்தில் ஆடு மேய்க்கிறவள்.

"வாங்க அண்ணாச்சி. வழி தவறி வந்துட்டீகளோ?"

"நாளைக்கு அளக்க வாராக, தாயி. கல்லு எப்பவும் அங்கனதான் நின்னுச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லணும். ஆட்டுக்காச இப்பவே தந்துருதேன்."

அவள் குழையை இழுத்துக் கட்டினாள். "ரெண்டு வருசம் ஆட்டுக்காசா இருந்தது, இன்னைக்கு வாய்க்காசாப் போச்சாக்கும். பையில வைங்க அண்ணாச்சி. இப்ப வாங்குனா என் கை நாறும்."

சொல்வாளா, மாட்டாளா என்று அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. வீடு வரும்வரை நின்று நின்று அவள் வாசலையே திரும்பிப் பார்த்தார். வாழ்நாளில் வெடிக்குப் பயப்படாத ஆள்.

வெள்ளிக்கிழமை சுகிர்தா என்கிற இளவயது அதிகாரி, முக்காலியில் வைத்த கருவியோடு வந்தாள். பக்கத்து நிலத்துக்காரி என்று முருகேஸ்வரியையும் கூப்பிட்டிருந்தார்கள். கருவி ஒருதரம் கூவியது, அவ்வளவுதான்.

"உங்க எல்லை இங்க இல்லங்க. பள்ளத்துக்கு நடுவுல இருக்கு" என்றாள். பிறகு விளிம்பை நோக்கி நடந்தவள் சட்டென்று நின்று, கையை விரித்து எல்லோரையும் பின்னால் தள்ளினாள். முருகேஸ்வரியின் காட்டுக்குள் மண் நீளமாகப் பிளந்து கிடந்தது. புல் மூடியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. அதன் கீழே, பள்ளத்துச் சுவரோரம்தான் சோலைச்சாமியின் ஆட்கள் மத்தியானம் நிழலென்று உட்கார்ந்து சாப்பிடுவது. சோலைச்சாமி வாயைப் பொத்திக்கொண்டார். வெள்ளைத்துரைக்கு ஜெயில் மறந்துபோனது. வரிசையாய் உட்கார்ந்திருக்கும் தூக்குச்சட்டிகள்தான் கண்ணுக்குள் வந்தன.

"கல்லப் பிடுங்கினது யாரு?" என்று சுகிர்தா கேட்டாள். "நெலத்துக்காரங்க சொல்றத வச்சுத்தான் நான் ரிப்போர்ட் எழுதணும்."

முருகேஸ்வரி முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"பிடுங்குனது இவுகதான் மேடம். வருசா வருசம் சேவல் அறுத்துப் பிடுங்குவாக. நான் மேல நின்னு பாத்துருக்கேன். கள்ளத்தனம்னா மேளம் வச்சா செய்வாக? சாமி விழுந்துருமேன்னு பயத்துல செஞ்சது. ஆனா என் காட்ட வெட்டித் தின்னதும் நெசம். வேலி போடுதேன்னு சொல்லி ஏய்ச்சதும் நெசம். ரெண்டையும் எழுதிக்கோங்க."

சுகிர்தா இரண்டையும் எழுதினாள். திருட்டுக் கேஸுக்குப் பரிந்துரை இல்லை. எடுத்த கல்லுக்கு அபராதம் கட்ட வேண்டும். பிளந்த பக்கத்தை மண்ணிட்டு நிரப்பி, வேலி போட்டு, மறுபடி அளக்கும்வரை குவாரியில் ஒரு சம்மட்டிகூட விழக் கூடாது. அபராதத்துக்கு ஒரு டிப்பரை விற்றாக வேண்டும். வெள்ளைத்துரை எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

ஜீப் போனபின் முருகேஸ்வரி பிளவைவிட்டு நன்றாகத் தள்ளி, வேப்பமரத்தடியில் நின்றாள்.

"இப்ப குடுங்க அண்ணாச்சி. இப்பம் அது ஆட்டுக்காசுதான்."

சோலைச்சாமி பார்த்துக்கொண்டிருந்தார், லாரி டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத்துரை பையை எடுத்தார். அவள் கையை விரித்து நீட்டினாள். ஒவ்வொரு தாளாக, வாய்விட்டு எண்ணி, அந்த உள்ளங்கையில் வைத்தார்.