பாயிண்ட்காரரின் இடது கை

உள்ளங்கையால் மெஷினின் மேசையை மூன்று முறை தடவிப் பார்த்துவிட்டு, நான்காவது முறை கண்ணை மூடிக்கொண்டு தடவுகிறார். கண்ணை நம்பக் கூடாது, தோலைத்தான் நம்ப வேண்டும் என்பது அவருடைய கட்சி. தடவியது போதாதென்று விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். "இன்னும் கிரீஸ் வாசனை போகல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மனைவியின் தையல் கூடையிலிருந்து உருவிய வெட்டுத்துணியை மண்ணெண்ணெயில் நனைத்து மறுபடியும் துடைக்க ஆரம்பிக்கிறார். இரும்பு சீவுகிற புது மில்லிங் மெஷின் வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. பிறந்த குழந்தையைக்கூட யாரும் இத்தனை தரம் குளிப்பாட்டியிருக்க மாட்டார்கள்.

தெருவில் அவருக்குப் பாயிண்ட்காரர் என்று பெயர். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்குக்கு அவர் பாஷையில் ஒரு பாயிண்ட் என்று பேர். இருபத்தெட்டு வருஷம் ஒரு பம்பு தொழிற்சாலையில் இந்தப் பங்குகளோடு மல்லுக்கட்டியவர். சட்டைப் பையில் பேனா இருக்குமோ இருக்காதோ, அளக்கிற வெர்னியர் இருக்கும். பேக்கரியில் பிரெட் வாங்கினால் அங்கேயே இரண்டு துண்டை எடுத்து அளந்து, "தம்பி, ஒண்ணுக்கொண்ணு ஒன்றரை மில்லி வித்தியாசம் இருக்கு. பிளேடு சாஞ்சிருக்கு, பாரு" என்பார். பேக்கரிக்காரர் இப்போதெல்லாம் இவர் தலையைக் கண்டாலே வெட்டாத முழு பிரெட்டாக எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

எதையும் நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. போனால் போகிறதென்று "பரவாயில்ல" என்பார். பெண் பார்த்துவிட்டு வெளியே வந்த அன்றும் அதைத்தான் சொன்னாராம். அந்தப் பெண்தான் இன்று தெருவே தையல்காரம்மா என்று கூப்பிடுகிற அவர் மனைவி. அந்த வார்த்தையை அந்தம்மா இன்னும் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

தொழிற்சாலை வேறு ஊருக்குப் போனபோது பாயிண்ட்காரர் அதோடு போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற அறை ஒன்று இருந்தது. அதைக் காலி செய்து, இரும்புச் சட்டம் அடித்து, மேலே கனத்த பலகை போட்டு, பட்டறை ஆக்கிக்கொண்டார். தையல் மெஷின் ரிப்பேர் கடைக்காரர் ஒருவர், கடையில் கிடைக்காத பழைய பாகங்களைச் செய்து தந்தால் வாரா வாரம் வேலை தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் மெஷின் வந்தது. பிடிக்காவிட்டால் பதினைந்து நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பது விற்றவரின் பேச்சு.

அந்தப் பதினைந்து நாளை அவரைவிடக் கவனமாக எண்ணிக்கொண்டிருந்தவர் அவருடைய மச்சான், தையல்காரம்மாவின் தம்பி. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் காவல் வேலை ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். "நிழல்ல நாற்காலி, தலைக்கு மேல ஃபேன். வண்டி வந்தா கேட்டைத் திறக்கணும், அவ்வளவுதான் மாமா. இந்த வயசுல எதுக்கு இரும்போட மாரடிக்கறீங்க?" என்று தினமும் போனில் கேட்பார். நல்ல மனசோடுதான் கேட்டார். அதனால்தான் பாயிண்ட்காரருக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

அந்த மெஷினில் கத்தி நின்றபடி சுற்றும். கீழே மேசையில் பூட்டிய இரும்பு நகர்ந்து வந்து அதனிடம் சீவு வாங்கிக்கொள்ளும். கத்தியைப் பிடித்திருக்கிற தலை மேசைக்கு நேர் செங்குத்தாக இருந்தாக வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சீவின இடமெல்லாம் படிபடியாக வரும். சாய்வைக் கண்டுபிடிக்க டயல் கேஜ் என்று ஒன்று உண்டு, ஒரே முள் உள்ள சின்னக் கடிகாரம் போல. அதைத் தலையில் மாட்டி மேசைக்கு மேலே ஒரு வட்டம் சுற்றினால், இடப்பக்கம் காட்டுகிறதையே வலப்பக்கமும் முள் காட்ட வேண்டும்.

காட்டவில்லை. முதல் நாள் நான்கு பாயிண்ட் வித்தியாசம். போல்ட்டைத் தளர்த்தி, தலையை மயிரிழை திருப்பி, மறுபடி முறுக்கினார். ஆறு பாயிண்ட். மெஷினையே பலகையிலிருந்து இறக்கி, பலகைக்கு ரசமட்டம் பார்த்து, அடியில் தகடு கொடுத்து, திரும்ப ஏற்றினார். காலையில் மூன்று, சாயங்காலம் ஏழு. "மெஷினா இது, காய்ச்சலா?" என்று கேட்டார். வெயிலில் இரும்பு விரிகிறதோ என்று ஜன்னலைச் சாத்தினார். காற்றாக இருக்குமோ என்று ஃபேனை நிறுத்தினார். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் பென்சில் எண்கள். வேர்வையில் ஊறிப்போய்ச் சாப்பிட வந்தவர் தட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தபோது, தையல்காரம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மனதில் அரித்துக்கொண்டிருந்ததைப் பத்தாம் நாள்தான் சொன்னார். "மெஷின்ல கோளாறுன்னா திருப்பிக் குடுத்துடலாம். என் கையிலயே கோளாறுன்னா யார்கிட்ட குடுக்கறது?" தையல்காரம்மா அவர் கையை எடுத்துப் பார்த்தார். நடுக்கம் ஏதும் இல்லை. ஆனால் சொன்னால் நம்ப மாட்டார் என்று விட்டுவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் மூட்டமாக இருந்தது. பல்பு வெளிச்சத்தை அவர் தலையே மறைத்தது. "கொஞ்சம் வந்து டார்ச் அடி" என்று தையல்காரம்மாவைக் கூப்பிட்டார். நிபந்தனை இரண்டு. டார்ச் ஆடக் கூடாது, வாயும் ஆடக் கூடாது. நாள் முழுக்கக் கையும் காலும் ஓடிக்கொண்டே இருக்கிறவருக்குச் சும்மா நிற்பது பெரிய தண்டனை. பார்க்க வேறொன்றும் இல்லாததால் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க."

"பேசாதன்னு சொன்னேன்ல."

"ஒண்ணே ஒண்ணு. நீங்க எழுதப் போனா அந்த முள்ளு ஏன் திரும்பி வந்துடுது?"

"எங்க வருது?"

"குனிஞ்சு பார்க்கறப்ப அந்தப் பக்கம் போகுது. நீங்க பென்சில் எடுக்கத் திரும்பினதும் இந்தப் பக்கம் வந்து நிக்குது. நாலு தரம் பார்த்துட்டேன்."

"உனக்குக் கண்ணு பழகல."

"எனக்குப் பழகல, சரி. தைக்கறப்ப துணி மேல முழங்கைய வச்சாலே தையல் கோணிக்கும். நீங்க அது மண்டை மேலயே சாஞ்சுக்கறீங்களே."

பாயிண்ட்காரர் தன் இடது கையைத் தேடிப் பார்த்தார். அது மெஷினின் தலைமேல், சிநேகிதன் தோளில் போட்ட மாதிரி, முழங்கை வரை சொகுசாகக் கிடந்தது.

தொழிற்சாலை மெஷின் இரண்டு டன். அதன் தலையில் கை போட்டுக் குனிந்துதான் இருபத்தெட்டு வருஷமும் முள் பார்த்தார். அவர் என்ன, லாரியே வந்து சாய்ந்தாலும் அது அசைந்திருக்காது. இதுவோ இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கி வைத்த சின்ன உருப்படி. காலையில் தெம்பாக இருக்கும்போது லேசாகச் சாய்வார். சாயங்காலம் அலுப்பில் பாரம் முழுவதையும் போடுவார். முள்ளைப் பார்க்கிற நேரமெல்லாம் கை அங்கேதான் இருந்ததால், கை இல்லாத முள்ளை அவர் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு நாளாக மனுஷர் தன்னுடைய அலுப்பைத்தான் அளந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு குனிந்தார். முள் நகரவில்லை. இடது கையைத் தலைமேல் வைத்தார். போயிற்று. எடுத்தார். வந்துவிட்டது. ஐந்தாறு தரம் அதையே செய்தார், விளையாட்டுச் சாமான் கிடைத்தவர் போல.  பிறகு போல்ட்டைத் தளர்த்தி, இத்தனை நாள் தானே கெடுத்துவைத்ததையெல்லாம் நேராக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் அரை பாயிண்ட். மெஷின் வந்த மரப்பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்தார்.  வாய்விட்டுச் சிரித்தார். கண்ணோரம் நனைந்ததை மண்ணெண்ணெய் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?" என்று தையல்காரம்மா கேட்டார்.

"பரவாயில்ல."

இந்த முறை அந்தம்மாவுக்குக் கோபம் வரவில்லை.

மச்சானின் போன் வந்தது. "அந்த நாற்காலிய வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லுப்பா. மெஷின் சரியாத்தான் இருக்கு. நாந்தான் சாஞ்சுட்டேன்" என்றார். மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மாமாவின் குரலில் இருந்த தெளிவைக் கேட்டு, சரி என்று போனை வைத்தார். பாயிண்ட்காரர் முதலில் ஓர் அலுமினியக் கட்டியைச் சீவினார். கண்ணை மூடித் தடவியபோது படி தட்டவில்லை. அதைத் தையல்காரம்மாவிடம் நீட்டினார். அவரும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார், கேலிக்குத்தான்.

சாயங்காலம் ஒரு பரீட்சை பாக்கி இருந்தது. ஏழு பாயிண்ட் காட்டுகிற நேரம் அதுதான். மறுபடி டார்ச்சோடு தையல்காரம்மா வந்து பக்கத்தில் நின்றார். பாயிண்ட்காரர் குனிந்தார். பழக்கதோஷத்தில் இடது கை எழும்பி மெஷினின் தலைப்பக்கம் போயிற்று. பாதி வழியில் நினைவு வந்து அந்தரத்தில் நின்றது. கொஞ்ச நேரம் போக்கிடம் தெரியாமல் அங்கேயே இருந்தது. பிறகு மெதுவாக இறங்கி, பக்கத்தில் நின்றவரின் தோள்மேல் முழங்கை வரை சாய்ந்துகொண்டது. தையல்காரம்மா டார்ச்சை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, அந்தப் பாரத்துக்கு ஏற்றபடி காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து நின்றார்.