மணிக்கட்டு எலும்பைச் சேர்த்து வைத்த மாதா

சகோதர சகோதரிகளே, நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன வருடம் தவக்காலம். என் மகள் ஸ்டெல்லாவுக்கு இருபது வயது. பிறந்ததிலிருந்தே நடக்க முடியாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நான்தான் தூக்கி வைப்பேன். ஒருநாள் தூக்கும்போது என் வலது மணிக்கட்டு விட்டுப்போனது. பிள்ளை நழுவித் தரையில் விழுந்தாள். மறுபடி தூக்கப் பலமில்லை. பக்கத்துக் குடிகாடு ஊர்க் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து அவள் அப்பா வரும்வரை இரண்டு பேரும் தரையிலேயே கிடந்தோம். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். இந்தக் கை போய்விட்டால் இவளை யார் தூக்குவார்?

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். எப்போதோ வழுக்கி விழுந்ததில் உள்ளே ஒரு சின்ன எலும்பு உடைந்திருக்கிறது. சுளுக்கு என்று நான் தைலம் தேய்த்தே ஓட்டியிருக்கிறேன்.

"அந்த எலும்ப எடுத்துட்டு, பக்கத்துல இருக்கற நாலையும் ஒண்ணா சேத்துடலாம்மா," என்றார் டாக்டர். 'ப' எழுத்து மாதிரி ஒரு கம்பியைக் காட்டினார். "குளுர்ல இதோட காலு விரிஞ்சி நிக்கும். ஒடம்பு சூடு பட்டா பழைய வடிவம் ஞாபகம் வந்து இறுக்கிக்கும். எலும்பு ஒட்டிக்கும். வலி போயிடும். ஆனா கை பாதிதான் மடங்கும்."

கம்பிக்கு ஞாபகமா? எனக்குத் தூக்கமே போனது.

"ஏன் மாமா, சித்திர வெயில்ல ஜாஸ்தியா இறுக்கி எலும்ப நொறுக்கிடுச்சின்னா?" என்று கணவரைக் கேட்டேன்.

"நீ கவலப்படறதுக்குன்னே ஒரு கம்பி கண்டுபுடிச்சிருக்கான் பாரு," என்று சிரித்தார்.

ஈஸ்டர் முடிந்து ஆபரேஷன் நடந்தது. வீக்கம் வடியக் கட்டின்மேல் ஐஸ் பை வைக்கச் சொன்னார்கள். குளிரில்தானே கம்பி விரியும்? எலும்பு பிரிந்துவிடுமே! யாரிடமும் கேட்கவில்லை. பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கை உப்பியது. விரல்கள் மரத்துப்போயின. ஐஸ் வைத்தாலும் பயம், வைக்காவிட்டாலும் பயம். ஜெபமாலை சொல்லக்கூட வாய் வரவில்லை. "மாதாவே, எனக்கு எதுவும் தெரியல. புள்ளயத் தூக்கற கைய மட்டும் எடுத்துடாதம்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அப்போதுதான் நர்ஸ் பிள்ளை உள்ளே வந்தது. தரையெல்லாம் ஈரம். குனிந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, ஆபரேஷன் ஒங்களுக்கா கட்டிலுக்கா?" என்றது. என் விரல்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தது.

இறுகிய கட்டைத் தளர்த்தினார்கள். விரல்களுக்கு மெல்ல உணர்ச்சி திரும்பியது.

"வெளிய வைக்கற ஐஸ் எலும்பு வரைக்கும் போவாதும்மா. வாயத் தொறந்து கேக்கக் கூடாதா?" என்றார் டாக்டர். எக்ஸ்ரேயில் கம்பி நன்றாகப் பிடித்திருந்தது. அந்தப் பிள்ளையை அந்த நேரத்துக்கு அனுப்பியது யாரென்று எனக்குத் தெரியும்.

அதன்பிறகு பல மாதம், அவள் அப்பா தூக்க, நான் சும்மா நின்று பார்த்தேன். அதைவிடக் கொடுமை இல்லை. மாதா திருநாள் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம்தான் தூக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. பயந்து பயந்து கையைக் கொடுத்தேன்.

"மெதுவாம்மா. நா எங்கயும் ஓடிட மாட்டேன்," என்றாள் ஸ்டெல்லா.

தூக்கினேன். வலிக்கவில்லை.

பழைய கையைக் கேட்டேன். பாதி மடங்கும் கையைத் தந்தாள் மாதா. என் பிள்ளைக்கு அது போதும். கவலை இன்னும் வருகிறது. இப்போது அதை முதலில் மாதாவிடமும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். ஜெபிக்க வார்த்தை வராதவர்களே, வந்ததைச் சொல்லுங்கள். அவளுக்குப் புரியும்.