படகை அடையாளம் வைத்தவன்

ஜெரால்டை உட்கார வைத்துப் பேச எந்தக் கொம்பனாலும் முடியாது. டீ குடிக்கிறதும் நின்றுகொண்டுதான், பூசை காண்கிறதும் கோயில் வாசலில் நின்றுகொண்டுதான். கேட்டால் "உக்காந்தா காலு குறுகுறுங்கு" என்பான். பதினெட்டு வருசம் விசைப்படகில் ஆடிய கால், பாவம், தரையில் ஓய மாட்டேன் என்கிறது. ஆறு வருசம் முன்னால் வலை இழுக்கிற விஞ்சில் வலது கையில் இரண்டு விரல் போச்சு. "இந்தக் கையோட இனிமே படகுல ஏறுனீரு, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்று பெண்டாட்டி பிளாரன்ஸ் ஒற்றைக் காலில் நின்றாள். அதோடு கடலும் போச்சு.

சும்மா கிடக்கத் தெரியாதவன் நாய் பிடிக்கப் போனான். உப்பளத்து ரோட்டில் ஒரு நாய்க் காப்பகம். தெருநாயைப் பிடித்து வரணும், கருத்தடை ஆபரேசன் ஆகித் தையல் ஆறினதும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடணும். மிச்சமிருந்த மூணு விரலால் வீச்சுவலையை வீசுவான் பாருங்கள், நாய் மேல் ஒரு கீறல் விழாது.

ஒரே ஒரு சண்டைதான், நோட்டுச் சண்டை. "எந்தத் தெருன்னு எழுதுங்க அண்ணாச்சி" என்று டாக்டர் ஷெர்லின் தலையில் அடித்துக்கொள்வாள். நாசரேத் ஊர்க்காரப் பொண்ணு, எல்லாம் ஒழுங்காக இருக்கணும். இவன் கேட்டால்தானே? நடுக்கடலில் நின்று கரையிலிருக்கிற லைட்ஹவுசையும் புகைபோக்கியையும் பார்த்தே இடம் கண்டவன். "தெருப் பேரு எதுக்கு டாக்டரம்மா? அடையாளம் போதும்" என்பான். அவன் நோட்டில் புளியமரமும் சிலுவை நிற்கிற குருசடியும்தான் இருக்கும்.

ஆனால் ஒரு விசயத்தில் அவன் கறார். பெட்டை நாய் என்றால் வலையில் விழுந்ததும் முதலில் வயிற்றைத் தடவுவான். பால் கட்டியிருந்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடுவான். வேலைக்குச் சேர்ந்த புதுசில் இது தெரியாமல் ஒரு தாயைப் பிடித்து வந்தான். திரும்பக் கொண்டு விட்டபோது குட்டிகள் சாக்கடை ஓரம் காய்ந்து கிடந்தன. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை அவனுக்கு.

இந்த வருசம் மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நாள், ஜூன் பதினாலு. துறைமுகத்தில் 'சாளை' என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு கறுப்பு நாய். போட்டோவைப் பார்த்துக் கோயம்புத்தூரில் ஒரு குடும்பம் அதை வளர்க்கக் கேட்டிருந்தது. மாசக் கடைசியில் அங்கே போகிற வண்டியில் ஏறணும் என்றால் மறுநாளே ஆபரேசன் ஆகணும், தையல் ஆறப் பத்து நாள் வேணுமே. சாயங்காலம் ஜெரால்டு போனான்.

போனவன் மனசு அவனிடம் இல்லை. ரெண்டு மாசம் கழித்து அத்தனை படகும் கடலுக்குக் கிளம்புகிற நேரம். ஐஸ் ஏற்றுகிறார்கள், டீசல் வாடை மூக்கில் ஏறுகிறது, எஞ்சின் போட்டுப் பார்க்கிறார்கள். மச்சினன் அமலன் தன் 'ஆரோக்கிய ஸ்டெல்லா' படகில் நின்று "வாரீயளா அத்தான்?" என்று கேலி பண்ணினான். ஜெரால்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தப் படகுக்குப் பக்கத்தில் நின்ற சாளை மேல் வலையை வீசினான், கூண்டில் தள்ளினான், ஓடி வந்துவிட்டான். வயிற்றைத் தடவவில்லை. நோட்டில் 'ஆரோக்கிய ஸ்டெல்லா படகு பக்கம்' என்று எழுதினான்.

காலையில் ஊசி போடுவதற்கு முன் ஷெர்லின் சாளையைப் புரட்டினாள். கை அப்படியே நின்றது. "அண்ணாச்சி, இதுக்குப் பால் கட்டிக் கல்லு மாதிரி இருக்கு."

ஜெரால்டு ஓடி வந்து தடவிப் பார்த்தான். "மாதாவே, நான் பாக்கலியே!"

"ஆபரேசன் கெடக்கட்டும், கோயம்புத்தூரும் காத்துக் கெடக்கட்டும். பிடிச்ச எடத்துல விடுங்க, அதுவே குட்டிகிட்டப் போயிரும். ஓடுங்க!"

துறைமுகத்துக்குள் வண்டியை விட்டான். ஐயோ, ஒரு விசைப்படகு இல்லை! விடியுமுன்னே எல்லாம் கடலுக்குப் போயாச்சு. ரெண்டு மாசம் அசையாமல் நின்றதில் அவனுக்குப் படகும் வீடு மாதிரி ஆகிப்போயிருந்தது. படகை அடையாளம் வைத்தவனை என்ன சொல்ல? கடல்காரனுக்கு இப்படி ஒரு புத்தி வரலாமா?

கூண்டைத் திறந்தான். சாளை ஐஸ் கம்பெனிப் பக்கம் போகவில்லை, ஏலக்கொட்டகைப் பக்கமும் போகவில்லை. நேராகப் படகு கட்டியிருந்த விளிம்புக்கு ஓடி, வெறும் தண்ணீரைப் பார்த்து ஊளையிட்டது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. குட்டி தரையில் இல்லை.

படகுக்காரர் சங்க ஆபீசுக்கு ஓடி வயர்லெசைப் பிடித்தான். "ஏலே அமலா, படகு முழுக்கத் தேடுல! நாய்க்குட்டி கெடக்கு!"

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு குரல் வந்தது. "இருக்கு அத்தான். முன்பக்கம் அணியத்துக்கு அடியில, பழைய வலைக்குள்ள. கண்ணே தொறக்கல."

"கொண்டு வால!"

"வலை கடல்ல கெடக்கு, எட்டுப் பேரு பொழப்பு. எப்படி வாரது?"

"நீ வராண்டாம். அடையாளம் சொல்லு, நான் வாரேன்."

கரையோரம் நின்ற, தெரிந்தவன் ஒருவனுடைய சின்ன வள்ளத்தில் சாளையை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். போகும்போதே பிளாரன்சுக்குப் போன் போட்டான். "ஏளா, நான் கடலுக்குப் போறேன். திட்டுறத வந்து கேட்டுக்கிடுதேன்." அவள் வாயைத் திறக்குமுன் வைத்துவிட்டான். ஒன்றரை மணி நேரம், லைட்ஹவுசையும் புகைபோக்கியையும் நேர்பார்த்தபடி நின்றுகொண்டே போனான். சாளையும் நின்றுகொண்டே வந்தது.

ஜெரால்டு ஸ்டெல்லாவில் ஏறியதும் அமலன் குனிந்த தலையோடு நின்றான். நாலு குட்டி. மூணுதான் அசைந்தது. "ஐஸ் ஏத்தும்போது கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம். எலின்னு நெனச்சிட்டேன் அத்தான்."

"நீ என்னலே செய்வே? தப்பு என்னுது."

தாய் வருமுன் செத்த குட்டியை எடுத்துத் துண்டில் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். சாளை பாய்ந்து வந்து படுத்தது. மூணும் முட்டி மோதிக் குடித்தன. ஆனால் அதற்குப் படுப்புக் கொள்ளவில்லை. குட்டிகள் காம்பிலிருந்து உதிர உதிர எழுந்து போய் வலையை முகர்ந்தது, காலால் கிளறியது, வந்து படுத்தது, மறுபடியும் எழுந்தது. அமலன் போட்ட மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவனும் படகின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக அலைந்தான்.

"உக்காருங்க அத்தான்" என்றான் அமலன்.

அஞ்சாறு தடவை அது எழுந்ததும் ஜெரால்டால் தாங்க முடியவில்லை. துண்டைப் பிரித்து அதன் முன்னால் வைத்தான். சாளை முகர்ந்தது. மூக்கால் புரட்டி, நக்கி, மறுபடியும் நக்கியது. பிறகு போய் மூணு குட்டிக்கும் வயிற்றைக் காட்டிப் படுத்தது. அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை.

ஜெரால்டு அதன் பக்கத்தில், ஆடுகிற பலகையில், உட்கார்ந்து அழுதான்.