பிளாட்டினம் ஒட்டாத வட்டம்

மலேசியாவின் மலாக்காவுக்கு வந்து மூன்றாண்டுகள் ஆகியும் தேநீர்க் கடையில் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி மாறவில்லை: "தம்பி ஊருலேருந்து வந்தவரா?" இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கும் ஊர் என்றால் தமிழ்நாடுதான். அங்கே காலே வைக்காதவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். திருச்சியில் என்னை யாரும் எதற்கும் கேட்டதில்லை. இங்கோ சாம்பாருக்குப் பெருங்காயம் எவ்வளவு என்பதிலிருந்து சடங்கு சாங்கியம் வரைக்கும் நான் சொல்வதுதான் தீர்ப்பு. அந்த மிதப்பில் நான் செய்த ஒரு காரியத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

செங் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை எனக்கு. டைட்டானியம் தகடுகளின்மேல் பிளாட்டினம் பூசுகிறோம். அந்தத் தகடுகளை நீரில் நிறுத்தி மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜன் குமிழ் குமிழாகக் கிளம்பும். அதற்குத் துணை நிற்பது பிளாட்டினத்தின் மேற்பரப்பு மட்டும்தான். விலையோ தங்கத்தோடு போட்டி போடும். அதனால் தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட வராத அளவுக்கு மெல்லிதாகப் பூசுவோம். பூசுவதற்கு முன் தகட்டில் விரல் பட்டாலே போதும், அந்தப் பிசுக்கில் பூச்சு பிடிக்காது. ஆகவே இந்த வெக்கையிலும் எல்லோருக்கும் கையுறை. நான் திருச்சிப் பட்டறையில் சைக்கிள் ஹேண்டில்பாருக்கு நிக்கல் முலாம் போட்டவன்; அங்கே தடவிப் பார்க்காமல் வேலையே ஓடாது.

தகடு கழுவுவது சரசு அக்கா. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். முதலாளிகள் தோட்டத்தை வீட்டுமனைகளுக்கு விற்றுவிட்டபின் புக்கிட் ரம்பாயில் வாடகை வீடு. கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகும் மகள்கள் இருவர். அவரைப்போல் சுத்தமாகத் தகடு கழுவ அங்கே வேறு ஆள் கிடையாது. நான் வந்த முதல் ஆண்டு ஆயுத பூஜையன்று காலை, தொட்டிக்கும் மின்பெட்டிக்கும் சந்தனம் வைத்துவிட்டு, அமிலத்தில் கழுவி அடுக்கியிருந்த தகடுகளின்முன் கிண்ணத்தோடு நின்றார்.

"தம்பி, இதுக்கும் வெக்கலாமா? எங்கப்பா எஸ்டேட் லோரில ஸ்பானர் வரைக்கும் வெப்பாரு. ஊருல அப்படித்தானாம்."

கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாசத்தில் திருச்சிப் பட்டறையும், தராசைக்கூட விடாமல் பொட்டு வைக்கும் என் அப்பாவும் கண்முன் வந்துவிட்டார்கள். "வைங்கக்கா. அப்புறம் தண்ணில அலசிட்டாப் போதும்" என்றேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் மோதிர விரலால் பதமாக வைத்தார்.

இரண்டு வாரத்தில் தகடுகள் வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் பிளாட்டினம் உரிந்து ஒரு வட்டம். சீன முதலாளி அதை நாணயம், இங்குள்ளவர்கள் சொல்லும் சிலிங், வைத்த தடம் என்று நினைத்து, "ஹூ புட் சிலிங் ஹியர்?" என்று கத்தினார். நான் ஒரு தகட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ பூஜையைப் பற்றிச் சொல்லிவிட, என் பக்கம் திரும்பினார். "யுவர் இந்தியா ஆல்சோ டூ லைக் திஸ், ஆ?"

என் வேலை பெர்மிட் ஆண்டுதோறும் அவர் கையெழுத்தில்தான் உயிர் பிழைக்கிறது. "நோ பாஸ். இந்தியாவில் நோபடி டஸ். திஸ் எஸ்டேட் பீப்பிள் ஹேபிட்" என்றேன். ஊரிலிருந்து வந்தவன் சொல் அங்கேயும் செல்லுபடியானது. அந்த வாரமே சரசு அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மறு ஆண்டு ஆயுத பூஜை கழிந்த வாரம் அவரை புக்கிட் ரம்பாய் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். ஒரு கேண்டீனில் தட்டு கழுவுகிறாராம். திட்டுவார் என்று தயாராக நின்றேன். "சாப்டீங்களா தம்பி?" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "ஊருல இந்தப் பழக்கமே இல்லன்னு பாஸ்கிட்ட சொன்னீங்களாமே. எனக்குத் தெரியாதுலா. என் மனசு நோகக் கூடாதுன்னுதான் அன்னிக்கு வெக்கச் சொல்லிட்டீங்க போல. உங்களுக்கும் சூசா, வீண் தொல்லையாப் போச்சு. எங்கப்பாவும் ஊரப் பாத்ததில்ல பாருங்க, யாரோ சொன்னதக் கேட்டு செஞ்சிருக்காரு. இந்த வருஷம் வீட்டுத் தையல் மெஷினுக்கு நான் வெக்கல."

உங்கள் அப்பா சொன்னது சரி அக்கா, பொய் சொன்னது நான்தான் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அவர் வேலையைப் பறித்தது போதாதென்று, இறந்துபோன அவர் அப்பாவின் வாக்கையும் பறித்தவன் நான். அதன்பின் கேண்டீன் கேண்டீனாகத் தேடினேன். வீடு மாறிவிட்டார் என்றார்கள்.

அங்கெல்லாம் ஆயுத பூஜை உண்டா என்று அம்மா கடிதத்தில் கேட்டிருந்தாள். உண்டு, அச்சு அசல் நம்மைப் போலவே என்று பதில் எழுதினேன். திருச்சிக்குத் தபாலில் போன அந்த உண்மை, பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நின்றவருக்குப் போய்ச் சேரவில்லை.

திரும்பி வந்த தகடுகளில் ஒன்றை என் அறையில் சாமி படத்தருகே வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு பூஜையன்று சந்தனம் குழைத்து அந்த வெறும் வட்டத்துக்கு நேரே விரலைக் கொண்டுபோனேன். வைக்க முடியவில்லை, கழுவிவிடவும் மனம் வரவில்லை. விரலிலேயே காய்ந்துபோன அந்தச் சந்தனத்தோடு வேலைக்குப் போய், அதன்மேலேயே கையுறையை மாட்டிக்கொண்டேன்.